அம்மா கத்திய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசுகிறவர் பெரியப்பா. அவர் இல்லாத நேரத்தில் அப்பா. இருவரும் உரக்கடைக்குப் போய்விட்டால் பெரியம்மா. மூவரும் வெளியூர் போன நாட்களில் பின்கட்டில் நின்ற பசுமாடு. அம்மாவின் முறை வந்ததே இல்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால்கூட அடுப்படியிலிருந்து குரல் கொடுக்க மாட்டாள். மாடிப்படி ஏறி வந்து, பக்கத்தில் நின்று, தோளைத் தொட்டு, "சாப்பிட வாத்தா" என்பாள். அப்படிப்பட்டவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவையே கூட்டினாள். அதுவும் எங்கள் பேய்ப் படத்துக்காக. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அந்த வருடம் முழுவதும் தலை நிமிர்ந்து நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு அந்த முறை குறும்படப் போட்டி வைத்தார்கள். செல்போனிலேயே எடுக்கலாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது, மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு. எங்கள் குழுவில் ஜெபா, மலர், நான். ஜெபாவின் அண்ணன் புது போன் வாங்கிக்கொண்டு பழையதை அவளுக்குக் கொடுத்திருந்தான். ஆகவே அவள்தான் இயக்குநர். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

போட்டியைக் கவனித்துக்கொண்ட கம்ப்யூட்டர் மிஸ், கேமராவைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வேலைகளை முடித்துவிட்டு வரச் சொன்னார். எடுக்கப்போவது சிரிப்புப் படமா, பேய்ப் படமா, துப்பறியும் படமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்த வகைப் படங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பார்த்துப் படிக்க வேண்டும். "கடைக்குள்ள கால வைக்கும்போதே அது பிரியாணிக் கடையா இட்லிக் கடையான்னு வாசனை சொல்லிடுதுல்ல? படமும் அப்படித்தான் ஆரம்பிக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் ஜெபா வீட்டுக் கட்டிலில் மூவரும் குப்புறப் படுத்துக்கொண்டு படங்களின் தொடக்கத்தை மட்டும் பார்த்தோம். ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்க ஜெபா விடவில்லை. கதை சூடு பிடிக்கும்போது நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றாமல் இலையை எடுப்பது போலிருக்கும். ஆனாலும் சில உண்மைகள் தெரியவந்தன. சிரிப்புப் படமென்றால் தூங்கிக்கொண்டிருக்கும் கதாநாயகன் மேல் யாராவது தண்ணீரை ஊற்றுவார்கள். காதல் படமென்றால் மழை, இல்லாவிட்டால் பஸ். துப்பறியும் படத்தில் ஒரு நாய் குரைத்துக்கொண்டே ஓடிப் போய்ப் பிணத்தைக் காட்டிக் கொடுக்கும். பேய்ப் படத்தில் ஒரு குடும்பம் காரில் பாட்டுப் பாடிக்கொண்டே புது வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் எத்தனை ஸ்விட்ச் இருந்தாலும் ஒருவரும் லைட் போட மாட்டார்கள் என்பது மலரின் கண்டுபிடிப்பு.

மலருக்குச் சிரிப்புப் படம்தான் ஆசை. ஆனால் எங்கள் மூவருக்குமே ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். நடிக்கிறவர் சிரிக்கக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். காதல் படம் எடுத்தால் பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்துவிடுவார்கள். துப்பறியும் படத்துக்குப் பிணமாகப் படுக்க ஆளில்லை. மிஞ்சியது பேய்.

தொடக்கத்தை ஜெபாவே தீர்மானித்தாள். திரை கறுப்பாக இருக்கும். எதுவும் தெரியாது. ஒரு பொம்பளை கத்துகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் படத்தின் பெயர் வரும். நாங்கள் பார்த்த அத்தனை தொடக்கங்களிலும் இதுதான் செலவில்லாதது, இதுதான் பயமானது.

கத்துவதற்கு ஆள் தேடினோம். ஜெபா கத்தினால் விசில் ஊதினாற்போல் இருந்தது. மலர் பாதியில் சிரித்தாள். நான் கத்தியதைக் கேட்டு, "ஆட்டைக் கூப்பிடுறியாடி?" என்றாள் ஜெபா. பெரிய பொம்பளையின் குரல் வேண்டும் என்றாகிவிட்டது. ஜெபாவின் அம்மா டீச்சர். தொண்டையைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமே செலவழிப்பார். மலரின் அம்மாவோ கேட்டதுமே தலையில் குட்டி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல்தான் நான் அம்மாவிடம் கேட்டேன். மறுப்பாள் என்றே நினைத்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "எப்ப வரணும்?" என்றாள்.

அந்த ஞாயிறு வீடு காலியாக இருந்தது. பெரியப்பா மகளுக்கு வைகாசியில் கல்யாணமாகியிருந்தது. அக்காவின் மாமியார் வீட்டுக்கு ஆடிச் சீர் கொண்டுபோய்க் கொடுத்து, பொண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்குக் கூட்டி வர எல்லோரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். அம்மாவை விட்டுவிட்டுப் போனார்கள். விருந்தைச் சமைக்க ஆள் வேண்டுமல்லவா?

ஜெபாவும் மலரும் பதினோரு மணி பஸ்ஸுக்கு வந்து இறங்கினார்கள். சாமான் அறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அம்மாவை நடுவில் நிறுத்தினோம். பதிவு செய்யப்போவது குரலை மட்டும்தான் என்றாலும், தலைமுடியை அவிழ்த்துவிட்டால்தான் பேய் வரும் என்று ஜெபா அடித்துச் சொன்னாள். அம்மா கொண்டையை அவிழ்த்தாள். கையில் மஞ்சளும் புளியும் அப்படியே இருந்தன.

முதல் தடவை அம்மா கத்தியது இருமலைப் போல இருந்தது. இரண்டாவது தடவை, கரப்பான்பூச்சியைப் பார்த்தவள் போல "ஆ" என்றுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயமாயிருந்தா எப்படிக் கத்துவீங்களோ அப்படிக் கத்துங்க ஆன்ட்டி" என்றாள் ஜெபா.

"நான் எங்க கண்ணு கத்திருக்கேன்?"

மலருக்குப் பாவமாகிவிட்டது போல. "சும்மா கத்துங்க ஆன்ட்டி. வீட்டுலதான் யாருமே இல்லைல்ல. எம்புட்டு வேணாலும் கத்தலாம்" என்றாள்.

அம்மா மலரைப் பார்த்தாள். பிறகு கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் மூச்சைப் பிடிப்பது போல அடிவயிற்றில் தொடங்கி, மேலே ஏறி ஏறி, உடைந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தோம். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கத்தினாள். பின்கட்டில் மாடு எழுந்து நின்றது. மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபா மட்டும் போனை நீட்டியபடி அசையாமல் நின்றாள், நல்ல இயக்குநர். மூன்றாவது முறை வந்தது கத்தலாகவே இல்லை. ஏற்றமும் இறக்கமுமாக நீண்டு, எழவு வீட்டில் கேட்பது போல இருந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் முட்டினாள்.

"அம்மா, போதும்மா. படத்துக்கு இம்புட்டு வேணாம்" என்றேன். அவள் காதில் விழவில்லை.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் எதிர் வீட்டு அத்தை. அவளுக்குப் பின்னால் டீக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர். "யாருக்கு என்னத்தா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒங்கப்பாவ நெனச்சுக்கிட்டியா தாயி?"

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ அத்தை, அது நடிப்பு. நாங்க சினிமா எடுக்கிறோம்" என்றேன்.

"சரித்தா, சினிமாதான். நீ போயி ஒரு சொம்பு தண்ணி மோந்துட்டு வா."

அத்தை தப்பாகப் புரிந்துகொண்டாள் என்றே நினைத்தேன். சோழவந்தானில் அம்மாவின் அப்பா இறந்தது உண்மைதான். ஆனால் அது அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு. அப்போது எங்கள் வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. அம்மா காலையில் போய், எடுத்து முடித்ததும் குளித்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பி வந்தாள். கல்யாண வீட்டில் கண்ணைக் கசக்கக் கூடாது என்று பெரியம்மா சொன்னாள். அம்மாவும் கசக்கவில்லை. மறுநாள் அதிரசத்துக்கு மாவு இடித்தாள். பாகு பதம் தப்பவில்லை. நானே அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது அழாதவள் இத்தனை நாள் கழித்து எதற்கு அழப்போகிறாள்?

நான் தண்ணீருடன் திரும்புவதற்குள் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை, அக்கா, அக்காவின் மாமியார், எங்கள் ஆட்கள் என்று எல்லோரும் வாசலில் இறங்கி நிற்க, உள்ளேயிருந்து தெரு ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அத்தை கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்த கூடத்தில் தலைவிரி கோலமாக அம்மா.

"என்னங்க இது?" என்று அக்காவின் மாமியார் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"புள்ளைக சினிமா எடுக்குதுக. பள்ளிக்கூடத்துல சொன்னாகளாம்" என்று பெரியம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் முகத்தில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அப்பா யாரையும் பார்க்காமல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் கெளம்புங்க" என்று கையை வீசிக்கொண்டிருந்தார். இஸ்திரி வண்டிக்காரர் போகும்போது அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு அப்பா அடுப்படிக்கு வந்தார். பெரியப்பாவைப் போலச் சத்தம் போட வாயைத் திறந்தவர், சம்பந்தி வீட்டார் காதில் விழுமே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாலு பேரு என்னயப் பத்தி என்ன நெனைப்பாக? போட்டு அடிச்சுட்டேன்னுதான நெனைப்பாக?"

"புள்ளைக கேட்டுச்சுக" என்றாள் அம்மா. அதற்குள் கொண்டை போட்டு, முகம் கழுவி, இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்து கடைசிப் பந்தியில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபாவும் மலரும் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்கள். நாளைக்கு வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். தெருவில் எப்படி நடப்பது? அம்மாவோ குழம்பை இன்னொரு முறை ஊற்றிக்கொண்டு, பாயசத்தையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை அவமானத்துக்குப் பிறகும் ஒருத்திக்கு எப்படிப் பசிக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆண்டு விழாவுக்கு வீட்டில் யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அம்மா மட்டும் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் படம் வந்தது. திரை கறுத்தது. ஜெபா சத்தத்தைக் கொஞ்சமும் வெட்டாமல் மூன்று முறையையும் அப்படியே வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் அது கூரை வரை எழும்பி நின்றது. கூட்டம் பயந்து அலறும், இல்லாவிட்டால் சிரிக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அம்மாக்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் அசைவே இல்லை. எங்கோ ஒரு கைக்குழந்தை மட்டும் அழத் தொடங்கியது. அப்புறம் 'பேய் விடு' என்று எழுத்து வந்தது. வீட்டின் 'வீ'க்கு மேலே சுழி போட மலர் மறந்திருந்தாள். வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு நான் வந்தேன். அப்போதுதான் அரங்கம் மூச்சு விட்டு, விழுந்து விழுந்து சிரித்தது. படம் முடிகிற வரை நிறுத்தவில்லை.

பரிசு பையன்களின் சிரிப்புப் படத்துக்குப் போனது. மிஸ் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா அந்த ஆரம்பம் இந்தப் படத்தோட ஒட்டலம்மா. அது வேற ஏதோ படத்தோட ஆரம்பம் மாதிரி இருக்கு" என்றார். "யாரு கத்துனது?" என்றும் கேட்டார். ஜெபா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் நடையில் இரண்டு பையன்கள் எங்கள் அம்மா மாதிரியே கத்திக் காட்டிக்கொண்டு ஓடினார்கள்.

பெரியார் நிலையத்தில் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பசுமலை தாண்டியதும் அம்மா என் தோளைத் தொட்டாள்.

"அடுத்த வருசமும் படம் எடுப்பீகளா?"

"தெரியல."

"எடுத்தா சொல்லு. நான் வாரேன்."

"அடுத்த வருசம் சிரிப்புப் படம்தான். அதுல யாரும் கத்த மாட்டாக" என்றேன்.

"ஒரு எடத்துலகூடவா?" என்றாள்.

இந்த வயதில் அம்மாவுக்கு நடிப்புப் பைத்தியம் பிடித்துவிட்டதே என்று, திருமங்கலம் வந்து சேரும்வரை வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தேன்.