பெரட்டுக்கு வந்த கோப்பி

சென்ற ஆண்டின் கடைசியில், மலேசியாவின் கெடா மாநிலத்தில் கரங்கானுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் முதலில் பயம்தான் வருகிறது. அடுத்த நொடி சிரிப்பும் வந்துவிடுகிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்தான். அம்மா சிறு வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். கையெழுத்துப் போடவே நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் என்னிடம் கற்றுக்கொண்டார். நான் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கி, இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் தலை தானாக நிமிரும். நிமிரட்டுமே, அதில் என்ன தப்பு?

சுங்கைப்பட்டாணியில் கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு காப்பகம் இருக்கிறது. உடன் வேலை செய்யும் தோழி சும்மா பார்க்கலாம் என்று கூட்டிப் போனாள். அங்கேதான் அவனைப் பார்த்தேன். தொங்கும் நீளக் காதுகள், பால் கலக்காத கோப்பி நிறம். ஸ்பேனியல் இனம். புதருக்குள் புகுந்து பறவைகளைக் கிளப்பிவிடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்களாம். காப்பகத்தில் இருந்த பெண் எதையும் மறைக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு வீட்டார் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். எது ஓடினாலும் பின்னாலேயே ஓடுவான், கூப்பிட்டால் காதே கேட்காது என்றார். "இன்னொரு தடவ திரும்பி வந்தான்னா, அப்புறம் இவன எடுக்க ஆள் வராது, தங்கச்சி. யோசிச்சு முடிவு பண்ணு."

நான் யோசிக்கவே இல்லை. பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாதான் 'கோப்பி' என்று பெயர் வைத்தார்.

வந்த வாரமே கோப்பி தன் வேலையைக் காட்டினான். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கோழி வளர்க்கிறார். கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து போய் ஒரு பெட்டைக் கோழியின் வால் இறகை மொத்தமாகப் பிடுங்கிவிட்டான். கோழி பிழைத்துக்கொண்டது. ஆனால் வாலில்லாமல் அது நடந்த நடையைப் பார்த்து, எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே சிரித்தன. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பாப்பா, சண்டைக்கு நான் வரல. ஆனா ஒன் நாயி இன்னொரு தடவ என் கோழி மேல வாய் வச்சான்னா, நீயே அவன கொண்டுபோயி விட்டுடணும். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் கொண்டுபோய் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மாலையே பயிற்சியைத் தொடங்கினேன். கைப்பேசியில் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். துணி காயப்போடும் கயிற்றில் நீளமாக ஒன்றை வெட்டி அவன் கழுத்துப் பட்டையில் கட்டினேன். வறுத்த நெத்திலியைப் பையில் போட்டுக்கொண்டேன். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன், அம்மாதான் வீட்டில் இருப்பார். அதனால் கட்டளை தமிழில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, 'வா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். இதைவிட எளிதான சொல் உண்டா?

வீட்டுக்குள் கோப்பி தங்கப் பிள்ளை. 'வா' என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னால் போதும், காது பறக்க ஓடி வந்து முன்னால் உட்காருவான். அம்மாவுக்கு ஒரே பெருமை.

"இந்த வீட்டுல பள்ளிக்கூடம் போற ரெண்டாவது ஆளு இவன்தான். ஒன்ன மாதிரி மார்க் எடுக்குறானா பாப்போம்" என்றார்.

வாசலைத் தாண்டினால் மார்க் பூஜ்யம். நான் தூரத்தில் நின்று "வா வா வா வா" என்று தொண்டை வலிக்கக் கூப்பிடுவேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். மாலை நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கும் அக்கா, வெள்ளைக்கார நாய்க்குத் தமிழில் சொன்னால் எப்படி விளங்கும் என்று கேட்பார். படிச்ச புள்ள பாடம் எடுக்குது, மாணவன் தூங்குறான் லா என்பார். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பொருள் சோதனையில் தோற்றால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும். அதையே இங்கும் செய்தேன். நெத்திலிக்குப் பதில் கோழி ஈரல். மாற்றமில்லை. கயிற்றைக் குட்டையாக்கினேன். மாற்றமில்லை. வாசலுக்குப் பதில் வீட்டுப் பின்புறம். அங்கேயும் அதே கதை. கடைசியில் கைப்பேசியைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்து, பயிற்சி முழுவதையும் படம் பிடித்தேன்.

அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் "வா வா வா" என்று கூப்பிட்டவுடன் கோப்பி சும்மா திரும்பவில்லை. காதுகளை முன்னால் தள்ளி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வால் விறைக்க, அக்கா வீட்டு வேலியையே பார்த்துக்கொண்டு நின்றான். காது கேட்காத நாய் நிற்கும் நிலை இல்லை அது. எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாய். மறுபடியும் ஓட்டினேன். இந்தத் தடவை ஒலியைக் கூட்டினேன். என் குரல் ஓய்ந்த இடத்தில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு குரல் மெல்லக் கேட்டது.

"பா பா பா பா..."

அக்கா கோழிக்குத் தீனி போடக் கூப்பிடும் குரல்.

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். வீட்டுக்குள் ஒரே ஒரு 'வா'. வெளியே வேகமான 'வா வா வா வா', அதுவும் அதே ராகத்தில். தினமும் மாலையில் அக்கா 'பா பா பா' என்றதும் கோழிகள் நாலா பக்கமிருந்தும் ஓடி வருவதை கோப்பி வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவனுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம், 'கோழி வருது, தயாரா இரு'. நான் கூப்பிடக் கூப்பிட அவனை வேட்டைக்கு ஏவிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா என்னைப் 'பாப்பா' என்று அழைக்கும்போது அவன் காது ஏன் நிமிர்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா பார்த்தார், கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இவன் இத்தன நாளா ஒன் பேச்ச கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கான்டி."

இனி வேறு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் 'கம் ஹியர்' என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா வாயில் அது 'கம்மியா' ஆகிவிட்டது. 'வா' என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் 'மாரி' நன்றாக இருக்கிறதே என்றேன். லயத்துக் கடைசியில் மாரியம்மன் கோயில் இருக்கும்போது நடுவாசலில் நின்று மாரி, மாரி என்று கத்தினால் சாமி வருமா, நாய் வருமா என்று அம்மா கேட்டார். அதுவும் போயிற்று. அப்புறம் அவரே யோசித்து, ஆளைக் கூட்டவேண்டும் என்றால் அதற்குத்தான் ஒரு சொல் இருக்கிறதே என்றார்.

பெரட்டு.

விடியற்காலையில் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி, பெயர் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போவதற்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். இப்போது எங்கள் தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். எல்லாம் மலாயில்தான் நடக்கிறது. தினம் அந்தச் சொல்லைக் கூவுபவர் யாரும் இல்லை. ஓசையும் 'பா'வுக்கும் 'வா'வுக்கும் பக்கத்திலேயே வராது. கடைசியில் ஒரு 'ட்டு', கதவைத் தட்டியதுபோல. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

இன்னொன்றையும் மாற்றினேன். ஓடுவது அவன் இரத்தத்திலேயே இருக்கிறது. அதைத் தடுத்து நான் ஜெயிக்க முடியாது. அதனால் ஓட்டத்தையே சம்பளமாகக் கொடுத்தேன். மூங்கில் குச்சியின் நுனியில் ரப்பர் நாடாவைக் கட்டி, அதில் ஒரு பழைய காலுறையை முடிந்தேன். 'பெரட்டு' என்றதும் வந்தால் நெத்திலி. அடுத்து, அந்தக் காலுறையைத் தரையில் இழுத்து இழுத்து ஓடுவேன், அவன் ஆசை தீர விரட்டிப் பிடிக்கலாம். என்ன ஆனந்தம் அவனுக்கு! முதல் தடவை வாசலில் அவன் முழு வேகத்தில் என்னை நோக்கி வந்தபோது நானே அவனோடு சேர்ந்து குதித்தேன்.

மாலை நேரத்தில் நான் 'பெரட்டு' என்று கூவும்போது லயத்தில் ஆளுக்கொரு கிண்டல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சைக்கிளில் போகும்போதெல்லாம், "எனக்கு இன்னிக்கு லீவு லா, பாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அக்கா மட்டும் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே பார்த்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அப்படித்தான். வீட்டுக்கு எதிரே உள்ள புல்வெளியில் நின்றோம். நீளக் கயிறு என் கையில். அக்கா "பா பா பா" என்று கூப்பிட்டார், கோழிகள் ஓடின. கோப்பி ஒரு தடவை வேலியைப் பார்த்தான், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். பட்டமளிப்பு விழா மேடையில்கூட நான் அப்படிப் பூரித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கால்வாயிலிருந்து ஓர் உடும்பு வெளியே வந்தது.

கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு உருவிப் போனது. உடும்பு நேராக முன்சாலையைப் பார்த்து ஓடியது, கோப்பி அதன் பின்னால். மேட்டிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. உயரப் புல்லின் மறைவில் ஓடும் நாயை அந்த ஓட்டுநர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. நானும் ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா?

"வா வா வா வா!"

அத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொல் எங்கே போனது என்றே தெரியவில்லை. பயத்தில் வாயில் வந்தது பழையதுதான். கோப்பி அதைக் கேட்டான். கேட்டு, இன்னும் வேகமாக ஓடினான். உடும்பு தார்ச்சாலையைக் கடந்துவிட்டது. அவன் முன்னங்கால்கள் தாரில் பட்டன.

"பெரட்டு!"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து, தோட்டமே அதிரும்படி ஒரு குரல். அம்மாவின் குரல் இல்லை அது.

கோப்பி அந்த இடத்திலேயே சுழன்றான். அவ்வளவு வேகத்தில் ஒரு நாய் அப்படித் திரும்ப முடியும் என்று நான் நினைத்ததில்லை. அவன் பின்னால் இழுபட்ட கயிற்றின் முனை தாரைவிட்டுப் புல்லில் ஏறியதும், ஹாரனை அலறவிட்டபடி லோரி அந்த இடத்தைக் கடந்து போனது.

கைகளை விரித்துக்கொண்டு நின்றேன், என்னிடம்தான் வருகிறான் என்று. அவன் என்னைச் சட்டையே செய்யவில்லை. என் பக்கத்தில் காற்றாகக் கடந்து, அந்தக் கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து, தீனி பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகளுக்கு நடுவே புகுந்து ஓடினான். இறகு பறக்கக் கோழிகள் சிதறின. அவன் எதையும் பார்க்கவில்லை. அக்காவின் காலடியில் போய்ச் சட்டென்று உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டு அவரை அண்ணாந்து பார்த்தான்.

அக்கா சோளக் கிண்ணத்தோடு நின்றார். நான் வேலியருகே போய்ச் சேர்வதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"வந்துட்டான், பாப்பா. இப்ப இவனுக்கு என்னா குடுக்கணும்?"

பையிலிருந்த நெத்திலியை அள்ளி வேலிக்கு மேலாக நீட்டினேன். அக்கா குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அவன் வாயில் கொடுத்தார். வாலில்லாத அந்தப் பெட்டைக் கோழி தைரியமாகத் திரும்பி வந்து பக்கத்தில் சோளம் கொத்தியது. கோப்பி மெல்லுவதை நிறுத்தி அதை ஒரு பார்வை பார்த்தான். அக்கா அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருடா. ஒங்க டீச்சரே பாடத்த மறந்துட்டாங்க. நீ மறக்கல."

பிறகு ஒரு நாள் நானே கேட்டேன், உங்களுக்கு எப்படி அக்கா அந்த நேரத்தில் அந்தச் சொல் வந்தது என்று. தினமும் நான் கத்துவதைக் கேட்டுக் கேட்டுத் தன் கால்களே ஓடி வரப் பார்க்கின்றன, நாய்க்குச் சொல்லவா வேண்டும் என்றார். இப்போது கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்ததும், ஒரு தடவை அவரும் 'பெரட்டு' போடுகிறார். எங்கள் நெத்திலி தீர்ந்துபோனால் அவர் வீட்டிலிருந்து வருகிறது. காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

தொழிற்சாலையில் என்னிடம் வேலை பழக வருபவர்கள் பல நாட்டுக்காரர்கள். சொன்னபடி யாராவது செய்யாதபோது, முன்பெல்லாம் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வேன். இப்போது, என் சொல் அவர் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அதோடு, பதற்றத்தில் நானே சரியான சொல்லை மறந்துபோனாலும், வேலிக்கு அந்தப் பக்கம் அதைக் கேட்டு வைத்திருக்கும் ஒருவர் இருப்பார் என்ற தைரியமும் என்னோடு இருக்கிறது.