இன்வெர்ட்டருக்குப் போட்ட பாடு

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகையில் அடித்த புயலுக்குப் பிறகு நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மின்சாரம் போய் மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருப்பாலைவனம் சாலை நெடுகக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. காலையும் மாலையும் மருந்தைப் புகையாகக் கொடுக்கும் நெபுலைசர் ஓடியாக வேண்டும். அதற்காகத்தான் மாடியில் சோலார் தகடும் கீழே இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை. அதனால் மூன்று நாளும் யார் போனைக் கொண்டுவந்தாலும் சார்ஜ் போட விட்டேன். வெயிலோ தலைகாட்டவில்லை, பேட்டரி இறங்கிக்கொண்டே போனது. முதல் நாளே முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. தூக்கமில்லாத அலுப்பில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஆறு பேர் வந்தார்கள். இன்வெர்ட்டரில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினேன். ஏரியில் நண்டு பிடிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், "அப்ப பாடு போட்டுக்கலாம்" என்றாள். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதை இங்கே பாடு என்பார்கள்.

சீட்டுகளை நான்தான் எழுதினேன். அவள் எண்ணிப் பார்த்தாள்.

"ஒங்க ஊட்டு சீட்டு எங்க சார்?"

"எங்களுக்கு எதுக்கும்மா..."

"இன்னா சார், அக்கா மூச்சு வுட வேணாமா? ஊர்த் தலைவருக்கே சீட்டுதான் இங்க. எழுதுங்க."

எழுதிப் போட்டேன். எங்கள் சீட்டு கடைசியாக வந்தது. மனைவிக்கு மூச்சிரைப்பது வாசல் வரை கேட்டது. அப்போதும் முதல் போனை வாங்கத்தான் கை நீட்டினேன்.

முதல் சீட்டு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கே விழுந்திருந்தது. "என் பாட்ட நீங்க எடுத்துக்கினு ஒங்களுத எனக்குக் குடுங்க சார். எங்கூட்டுக்காரன் இன்னா கடலுக்கா போயிக்கிறான், போன் போட? ஊட்டுலதான் குறட்டை வுட்டுனு கெடக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் நெபுலைசரைச் செருகினேன். அது ஓடி முடிந்த பிறகு இன்னும் இரண்டு போனுக்குத்தான் பேட்டரி தாங்கியது. அவள் அணைந்த போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

கொடுக்கிறவன் நான் என்ற நினைப்பில் மூன்று நாள் தனியாகத் தவித்திருக்கிறேன். எனக்கும் வேண்டும் என்று கேட்பதற்கு அவள்தான் ஓர் இடம் ஒதுக்கித் தந்தாள். அப்படிக் கேட்பது இன்றுவரை எனக்குச் சுலபமாக வருவதில்லை.