வடிக்காத கிழங்கு

கார்த்திகா, மாரி, சித்தியின் பிரசவத்துக்காக அம்மா விருதுநகர் போயிருந்த வாரத்தை நீங்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அன்று உங்களிடம் அப்பா ஒன்றை மறைத்துவிட்டேன்.

கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குப் போய்வந்துகொண்டு, அப்போதுதான் சமையல் பழகத் தொடங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு லீலா சேச்சி தன் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கு தந்தார்; அவர்கள் பேச்சில் கப்பை. எலி கடித்த தடம் ஒன்றுகூட இல்லை. சத்து வீணாகக் கூடாதென்று அளவாகத் தண்ணீர் விட்டு, மூடி வைத்து வற்ற விட்டேன். நீங்கள் தட்டோடு உட்கார்ந்துவிட்டீர்கள். மாரி ஒரு துண்டை எடுத்து ஊதிக்கொண்டிருந்தான்.

மீன்குழம்போடு வந்த சேச்சி சட்டியைப் பார்த்தார்.

"வெள்ளம் ஊத்திக் களஞ்சதா அண்ணா?" வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினேனா என்று கேட்டார்.

"இல்ல சேச்சி, எல்லாம் வத்திப் போச்சு."

"ஐயோ, இது கசக்குந்ந கப்பையாக்கும்! வடிக்கலேன்னா விஷம். எலி கூடத் தொடாது!" என்று என் காதோடு சொன்னார்.

மாரியின் கையைத் தட்டிவிட்டேன். அவன் அழுதான்.

"உப்பு கூடிப்போச்சுடா" என்றேன்.

"கஞ்சியே வச்சிருந்தாப் போதுமாயிருந்தது கேட்டோ, அப்பா!" என்று சேச்சி மாதிரியே சொல்லிக் கார்த்திகா சிரித்தாள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

எதை எவ்வளவு போடுவது என்று எல்லாரிடமும் கேட்டிருந்தேன். எதைக் கொட்ட வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போனதும் வேலைக்குப் போகாமல், வேகவைக்காமல் மீதியிருந்த கிழங்கைச் சேச்சி சொன்னபடி சிறிதாக நறுக்கி, மூடாமல் வேகவைத்து, இரண்டு முறை தண்ணீரை வடித்தேன். ஒரு துண்டைத் தின்றுவிட்டு, எனக்கு ஏதாவது செய்கிறதா என்று, நீங்கள் திரும்பும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.