மத்தியானத்தில் பறித்த இலை

அவரை எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் பிறந்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, பக்கத்துக் கட்டில் குழந்தையைக் கொஞ்சித் தீர்த்துவிட்டு வந்த மனிதர். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நடவிலும் அதே கதைதான். மற்றவர்கள் உழுதுகொண்டிருக்கும்போதே இவர் நெல் நட்டு முடித்திருப்பார். தனியாக முந்தி நட்டால் சுற்றுவட்டாரத்துத் தத்துப்பூச்சி மொத்தமும் உங்கள் வயலில்தான் வந்து விழும் என்று வேளாண்மை அலுவலகத்தில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தலைபாடாக அடித்துக்கொள்வார். யார் காதில் வாங்கினார்கள்?

இந்த முறை பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளடித்தது. அந்தப் பூச்சி பரப்பும் வைரஸாக இருந்தால் மருந்தே கிடையாது. பயிரை உழுது மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி அதை அடுத்தவர் வயலுக்கும் சுமந்துபோகும். அந்த வருஷத்துச் சாப்பாடே அந்த வயல்தான்.

மச்சானுக்குப் போன் போட்டார். இலை நுனியை அயோடின் கரைசலில் போடுங்கள், நோய் இருந்தால் கருநீலக் கோடு விழும் என்றார் அவர். மீதியைச் சொல்வதற்குள் இவர் போனை வைத்துவிட்டார்.

உச்சி வெயிலில் இலை பறித்து, அயோடின் கரைத்த கண்ணாடித் தம்ளரில் போட்டார். அத்தனையும் நீலம். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அவர் டிராக்டருக்குச் சொல்லிவிட்டார். அவள் அண்ணனுக்குச் சொன்னாள்.

மறுநாள் விடிகிற வேளையில் மச்சான் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தபோது டிராக்டர் ஒரு ஓரத்தை உழுதே விட்டிருந்தது. அவர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

“இலைய எப்பப் பறிச்சீங்க, மாப்ள?”

“மத்தியானம்.”

“மத்தியானம் பறிச்சா நல்ல பயிரும்தான் நீலமாகும். பகல்ல இலையில மாவுச்சத்து சேரும், அயோடின் பட்டா அதான் நீலமாகும். நல்ல இலை ராத்திரியில அத கீழ அனுப்பிடும், நோயுள்ள இலையால அது முடியாது. அதான் விடியும்போதே பறிக்கணும். நான் சொல்லி முடிக்க விட்டீங்களா?”

அங்கேயே மச்சான் மஞ்சள் இலைகளாகப் பார்த்துப் பறித்து, தான் கொண்டுவந்திருந்த கரைசலில் போட்டார். எக்ஸ்பிரஸ் வாழ்க்கையில் முதல்முறையாக இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆற அமரப் பார்த்தும் ஓர் இலையில்கூட நீலக் கோடு இல்லை. மச்சான் தூர்களைத் தட்டியும் பார்த்தார். பூச்சி விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தது. பயிருக்குப் பசி, உரம் போதவில்லை, அவ்வளவுதான் என்றார்.

எக்ஸ்பிரஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் கண் உழுத ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அங்கே பச்சைத் தாள்கள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. முட்டாள்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது போனா போகட்டுங்க. இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க, இவ்வளவு இருக்கு” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.