டாக்டர் வீட்டம்மாவுக்கு வளையல்

1940 ஜூன் 19, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் இறைத்தேன். ஜெபம் முடித்து, கூழ் குடித்து, பள்ளிக்குக் கிளம்பியபோது வாசலில் போலீஸ் இன்ஸ்பெக்டர் நின்றார்.

என் வீட்டின் பின்கட்டில் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள். யூதர் என்பதற்காகவே அங்கே வீட்டைப் பிடுங்கித் துரத்தியிருந்தார்கள். போர் வந்ததும் நம் வெள்ளைக்கார சர்க்காருக்கு அவர்களும் எதிரி தேசத்தார் ஆகிவிட்டார்கள். போன வாரம் டாக்டரை முகாமுக்குக் கொண்டுபோய், யாருக்குப் பயந்து ஓடிவந்தாரோ அந்த ஜெர்மன்காரர்களோடேயே அடைத்தார்கள். இப்போது மனைவிக்கும் உத்தரவு வந்திருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம்.

"சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸு. ரெடியா இருக்கச் சொல்லுங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லி அனுப்பினேன். பதினெட்டு வருடத்தில் அது எனக்கு இரண்டாவது விடுப்பு. பக்கத்து வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வாயும் வயிறுமா இருக்கிறவளையா? இன்னா அக்கிரமம்! வளையல் போட்டுடலாம் டீச்சரம்மா. அப்பறம் எவன் கூட்டினு போறான்னு பாக்கறேன்."

வளைகாப்பு முடிந்தவள் தாய் வீட்டுக்குத்தான் போவாள். பிள்ளை பிறக்கும்வரை வேறெங்கும் ஊர் எல்லை தாண்டவிட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இந்து வீட்டுக்கும் கிறிஸ்தவ வீட்டுக்கும் இதில் ஒரே வழக்கம்தான்.

கடைத்தெருவிலிருந்து வளையல்காரியை அழைத்து வந்தோம். "இன்னா கையிது, முருங்கக்காயாட்டம் வெறப்பா! சோப்பு கொண்டாங்க" என்றாள் அவள். டாக்டர் மனைவி நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அவள் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள்.

நாலரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு கை நிறைய வளையலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"இதெல்லாம் தொரைக்குத் தெரியுமா?"

"தொரைக்குத் தெரியாது சாமி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஒங்க வூட்டம்மாவுக்குத் தெரியும். ராத்திரி சோறு யாரு போடறாங்க?"

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சரி, இவங்க தாய் வீடு எது?"

"இதுதான்" என்றேன். "நான் ஜாமீன்."

"இவங்க எங்கியாவது போயிட்டா ஒங்க வேல போயிடும்."

"தெரியும்."

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பிரயாணத்துக்கு ஒடம்பு தாங்காதுன்னு எழுதிடறேன். தெனம் காலையில ஸ்டேஷனுக்கு நீங்களே கூட்டினு வந்து காட்டணும்" என்றார்.

ஐந்து மணி பஸ் அவள் இல்லாமல் கிளம்பிப் போனது. அவளைப் பெற்றவளின் வீடு என்ன ஆனது என்று போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. செஞ்சியில் எங்கள் தெரு ஒருத்திக்குத் தாய் வீடாக நின்றது என்று இன்றும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

மறுநாள் எழுந்ததும் நான் தண்ணீர் இறைக்கவில்லை. முதல் வேலையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாக, வளையல் குலுங்க, ஸ்டேஷனுக்கு நடந்தேன்.