ஒரே டோக்கனில் இரண்டு பேர்

“பாதி போனது. கரண்ட் கட். ரசீது வரவில்லை. மீதியைப் பிறகு அனுப்ப வேண்டும்.”

2009 மழைக்காலத்தில் என் டைரியில் எழுதி வைத்த குறிப்பு இது. அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பரிசோதனை நிலையத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆலைத் தொழிலாளர்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை அவரவர் டோக்கன் எண்ணோடு இணையம் வழியாக வெளியூர் சர்வர் ஒன்றில் சேர்ப்போம்; சேர்ந்ததும் அங்கிருந்து ரசீது வரும். ‘கிளவுட்’ என்ற சொல்லையே அப்போதுதான் கேள்விப்பட்டிருந்தோம்.

மழையில் லைன் சரியாகாததால் மீதி முடிவுகள் இரண்டு வாரம் தாமதமாகப் போயின. அவை போய்ச் சேர்ந்த மறுநாளே ஒரு பேட்டரி ஆலையிலிருந்து எங்களிடம் பொன்னேரிப் பக்கத்து இளைஞர் ஒருவரை அனுப்பிவைத்தார்கள். இரத்தத்தில் ஈயம் அதிகம் என்று ஆலையின் கம்ப்யூட்டர் திரையில் வந்ததால் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

“சேர்ந்தே நாலு நாள்தான் சார் ஆவுது. அதுக்குள்ள ஏறிக்குமா? நான் இன்னா, ஈயத்தத் துன்னுகினா இருந்தேன்? இன்னும் ரத்தமே குடுக்கல சார்.”

எங்கள் டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அப்ப இது யாரோட ரத்தம்?” என்று என்னைக் கேட்டார்.

இளைஞரை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரருக்கு போன் செய்தேன். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய எண் பொறித்த டோக்கன் தகட்டை அடுத்து வருபவருக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

“புதுத் தகடு அடிக்க டப்பு நீ குடுப்பியா நைனா? ஆளு போனா இன்னா, நம்பர் அப்டியேதான கீது.”

இரத்தம் கொடுத்தவர் முடிவு போவதற்குள் வேலையிலிருந்து நின்றுவிட்டார். முடிவு சர்வரைச் சேர்ந்த அன்று அந்த எண் இந்த இளைஞருடையது. எண்ணை மட்டும் பார்த்து அது இவர் பெயரில் பதிந்துவிட்டது.

சர்வர்காரர்களிடம் பேசி முறையை மாற்றினோம். இனி டோக்கனோடு வேலையில் சேர்ந்த தேதியும் இரத்தம் எடுத்த தேதியும் போகும். பொருந்தாத முடிவு யார் பெயரிலும் சேராமல் தனியே நிற்கும். ரசீது வரும்வரை கம்ப்யூட்டரே மறுபடி மறுபடி அனுப்பும். எத்தனை முறை போனாலும் ஒரு தடவைதான் பதிவாகும். இளைஞருக்குப் புதிதாக இரத்தம் எடுத்துப் பார்த்தோம். கோளாறு ஒன்றும் இல்லை. வேலைக்குத் திரும்பினார்.

“ஈயம் இருக்கறது நிஜம்தானே? அந்த ஆளுக்கு யார் சொல்றது?” என்றார் டாக்டரம்மா.

இரத்தம் கொடுத்த அந்தப் பழைய ஆள் அத்திப்பட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டதாக ஒப்பந்தக்காரர் சொன்னார். சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். மறுவாரம் விசாரித்தபோது, “சொல்லியாச்சுபா, சும்மா பேஜாரு பண்ணாத” என்றார். நேரில் சொன்னாரா, ஆள் மூலமா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அந்த மனிதர் எங்களிடம் சிகிச்சைக்கு வரவில்லை. வேறெங்கும் போனாரா என்றும் தெரியாது. செய்தி அவரைச் சேர்ந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.