டீ ஆறுவதற்குள் தீர்ப்பு

அந்த நாளில் ஆம்பூர்ப் பக்கம் கட்டட வேலையில் ரேட்டுப் பேசவோ தகராறு தீர்க்கவோ யாரும் வக்கீலைத் தேடிப் போனதில்லை. கோதண்டராமனைத்தான் தேடிப் போனார்கள். ஜோலார்பேட்டை ரயில்வேயில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். கைசுத்தமான மனிதர், பத்து பைசா வாங்கமாட்டார். சுவர் கோணலை நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். எல்லாம் சரி, ஆனால் மனிதருக்கு அவசரம். அந்த அவசரத்தைத்தான் அவர் தன் பெருமை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய முறை இப்படி. முதலாளி தன் சாவிக்கொத்தையும், மேஸ்திரி தான் சாந்து பூசும் கரணையையும் அவர் மடியில் வைத்துவிட வேண்டும். பேச்சுக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு அதுதான் ஈடு. பேச்சு முடிந்தால்தான் பொருள் திரும்பி வரும். உடனே எதிர்க்கடையிலிருந்து டீ வரும். அது ஆறுவதற்குள் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்துவைத்து, "ஆச்சிய்யா, போய் வேலையப் பாருங்க" என்று முடித்துவிடுவார். டீ பஞ்சாயத்து என்று ஊரே சொன்னது. அதைக் கேட்டு அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவர் மனைவி அமிர்தவள்ளி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பாலாற்றங்கரையில் நசீர் அகமது புதிதாகத் தோல் பதனிடும் டேனரி ஒன்று கட்டினார். தோல்களை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளைக் கட்டியவர் பரந்தாமன் மேஸ்திரி. கோதண்டராமனுடைய சொந்த வீட்டைக் கட்டியதும் அவர்தான். இந்தத் தொட்டி வேலைக்கும் டீ ஆறுவதற்குள் ரேட்டு முடித்துவைத்தது கோதண்டராமன். முதல் தடவை தண்ணீர் நிரப்பிய அன்றே தொட்டிச் சுவர் ஒன்று வாய் பிளந்தது. ஊறப்போட்ட தோலெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரோடு முற்றத்தில் மிதந்தது. மேஸ்திரி மேல் தப்பு என்று தீர்ப்பானால் அவர் தன் செலவில் இடித்துக் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய அடி, அப்புறம் ஆம்பூரில் எந்த முதலாளியும் அவரைக் கூப்பிடமாட்டான்.

வந்து பாருங்கள் என்று நசீர் பாய் ஆள் அனுப்பினார். கோதண்டராமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஈரத்தில் நடந்து வந்தார். மர முக்காலியில் உட்கார்ந்தார். சாவிக்கொத்து வந்தது, கரணை வந்தது, பின்னாலேயே டீயும் வந்தது. கொத்தனார்களும் சித்தாள் பெண்களும் தள்ளி நின்றார்கள்.

அவர் இரண்டையும் மடியில் செருகிக்கொண்டு எழுந்து உடைந்த சுவரில் விரலை வைத்தார். செங்கல்லுக்கு நடுவிலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னாய்யா இது? இது சாந்தா? ஆத்து மணலத் தண்ணி தெளிச்சி வச்சிகீற!"

"தப்பு என்மேலதான் அய்யா," என்றார் பரந்தாமன், தலையைத் தூக்காமல். "இடிச்சிட்டுக் கட்டித் தர்றேன். கரணயக் குடுத்துடுங்க."

டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அத்தோடு விட்டிருந்தால் அவருடைய தீர்ப்புகளிலேயே வேகமான தீர்ப்பாக அது இருந்திருக்கும். ஆனால் இத்தனை பேர் கூடி நிற்கும்போது நாலு வார்த்தை சொல்லாமல் போக மனசு வருமா? கொத்தனார்கள் ஒவ்வொரு கலவைக்கும் தங்களுக்குள் ஒரு பேர் வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மண்டபச் சாந்து என்பார்கள், கிணற்றுச் சாந்து என்பார்கள்.

"இந்தக் கண்றாவிக்கும் ஒரு பேரு வச்சிருப்பீங்களே? சொல்லுங்கய்யா, பாய் கேக்கட்டும்!"

சித்தாள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் அய்யா," என்றார் பரந்தாமன்.

"சொல்லுய்யா!"

சாந்துச் சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள் ரங்கம்மாள். பரந்தாமனிடம் வெகுகாலமாக வேலை செய்கிறவள்.

"கோதண்டராமன் சாந்து," என்றாள்.

திமிர் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். கொத்தனார்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுவந்தவன்கூட வேறு பக்கம் திரும்பி நின்றான். ஓங்கிய கை தானாக இறங்கியது.

"யாரு வச்ச பேரு?"

"யாரு வச்சாங்களோ. நான் வேலைக்கு வந்தப்பவே இதான் பேரு. உங்ககிட்ட ரேட்டு முடிஞ்ச வேலைன்னா சுண்ணாம்பு கம்மி, மணல் ஜாஸ்தி. வேற எப்டிக் கட்டுபடி ஆவும்?"

"கட்டுபடி ஆவலன்னா முடியாதுன்னு எழுந்து போறதுதானேம்மா?"

"எப்டிப் போறது? கரண உங்க மடியில கீது. பாய்க்கு வூட்ல இன்னொரு சாவி இருக்கும். எங்க மேஸ்திரிக்கு இன்னொரு கரண ஏது? நாளைக்கு அடுப்பு எரியணும் அய்யா. அதான் டீ ஆறதுக்குள்ள கம்மி ரேட்டுக்கும் தலையாட்டிட்றாரு."

நசீர் பாய் தாடியைத் தடவினார். "அது நெசம்தான் சார். இன்னொரு சாவி வூட்ல இருக்கு," என்றார் மெதுவாக.

கோதண்டராமனுக்கு, முதலில் தலையாட்டியது எப்போதும் மேஸ்திரிதான் என்பது ஒவ்வொரு வழக்காக நினைவுக்கு வந்தது. காத்திருக்க முடியாதவன் கழுத்தைப் பிடித்து அழுத்தியதைத்தான் இத்தனை நாளும் சாமர்த்தியம் என்று சொல்லித் திரிந்திருக்கிறார். கரணையை எடுத்துப் பரந்தாமனிடம் நீட்டினார். சாவிக்கொத்தைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தார்.

கரணை கைக்கு வந்ததும் பரந்தாமன் நிமிர்ந்தார். நசீர் பாயும் அவரும் தொட்டி ஓரமாகப் போய் நின்று பேசினார்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் பாய் தருவது, கூலி மேஸ்திரி பொறுப்பு, மற்ற தொட்டிகளையும் பிரித்துப் பார்ப்பது என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். யாரும் யார் கையையும் பிடித்துச் சேர்க்கவில்லை. முக்காலியில் இருந்த டீ ஏடு படிந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் போனார். இந்த வீட்டுக்கும் அவர்தான் ரேட்டு முடித்தார். பரந்தாமனின் கரணை அன்றைக்கும் அவர் மடியில்தான் இருந்தது. தன் சாவியை எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பூசாத சுவரில் செங்கல் இடுக்கில் தன் வீட்டுச் சாவியை வைத்துச் சுரண்டினார். உதிரட்டும் என்று வேண்டிக்கொண்டே சுரண்டினார். உதிர்ந்தால் கொத்தனார்களும் தன்னை ஏமாற்றினார்கள் என்று ஆகும், கொஞ்சம் மூச்சு விடலாம். சாவிதான் வழுக்கியது. சாந்து கல்லாக இருந்தது.

"அது உதிராது," என்றாள் பின்னால் வந்து நின்ற அமிர்தவள்ளி. "அய்யா வூட்டுக்கு மட்டும் அந்தச் சாந்து போடக் கூடாதுன்னு பரந்தாமன் பொண்டாட்டி கம்மல வித்துச் சுண்ணாம்பு வாங்கினாங்க."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். டீ ஆறிடும்னு போய்ட்டீங்க."